மணிக்கு 100 ரூபாய் கட்டுமா?

கேள்வி:

வணக்கம். பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் என் மாமனார் கட்டடத்தின் தரைத்தளத்தில் 850 சதுர அடி இடம் இருக்கிறது. முன்பு ஒரு தையல் யூனிட்டுக்கு மாதம் 22,000 ரூபாய்க்கு விட்டிருந்தோம். அவர்கள் காலி செய்ததும், வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறவர்கள் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி ஒரு பேக்கிங் கிச்சன் போட்டுவிட்டேன். வங்கிக் கடன் 8 லட்சம், மாதத் தவணை 17,000. கைக்காசு 5 லட்சம். இரண்டு டெக் (ஒன்றன்மேல் ஒன்றாக, தனித்தனியே சூடேறும் அடுக்கு), நான்கு ட்ரே கேஸ் ஓவன், பிளானட்டரி மிக்சர், ஃப்ரீசர், சில்லர் எல்லாம் வந்துவிட்டன. மூன்று பேர் வேலை செய்ய மூன்று மேடை. அதில் ஒன்று ஐசிங் வேலைக்காக ஏசி அறைக்குள். நானும் ஹோம் பேக்கர்தான்.

மாதச் செலவு 53,000 வருகிறது. காலை 6 முதல் இரவு 10 வரை 16 மணி நேரம், 30 நாள், 3 மேடை என்றால் 1,440 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 37 ரூபாய்தான். 100 ரூபாய் வைத்தாலே நல்ல லாபம் என்று நினைக்கிறேன். என் கணவரோ மணிக்கணக்கே வேண்டாம், மாதம் 5,000 கட்டிவிட்டு எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்கிறார். தென்சென்னையில் 400, 500 வாங்குவதாக ஒரு தோழி சொல்கிறாள். இதுவரை ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். இருவர் முட்டை சேர்க்காத கேக் மட்டும் செய்கிறவர்கள்; அவர்கள் தனிப் பாத்திரம் கேட்கிறார்கள். இன்னும் இருவர் என் தோழிகள், முதல் சில மாதம் இலவசமாகத் தரச் சொல்கிறார்கள். என்ன விலை வைக்கட்டும்?

– பெரம்பூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

100 ரூபாய் கட்டாது. சிறு உணவுத் தொழில்களுக்குக் கணக்குப் பார்ப்பதுதான் என் வேலை. அந்தக் கண்ணோடு பார்த்தால் நீங்கள் வைக்க வேண்டிய விலை இது: நான்கு மணி நேரம் ஒரு ஸ்லாட். சாதாரண நாளில் ஸ்லாட்டுக்கு 900 ரூபாய். வியாழன் சாயங்காலம் முதல் சனி இரவு வரை 1,200. செவ்வாய், புதன் மதியத்துக்கு 600. ஓவன் இதில் சேராது. ஒரு டெக்குக்கு மணிக்கு 80 ரூபாய் தனி. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேஸ் விலையும் கரண்ட் பில்லும் மாறும்போது நீங்களே உட்கார்ந்து திருத்திக்கொள்ளத் தெரிய வேண்டும்.

முதலில் உங்கள் 53,000. அதில் தவணை 17,000, உதவியாளர் சம்பளம் 15,000, ஃப்ரீசர், ஏசி, விளக்கு, மின் இணைப்பின் நிலைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 9,000, தண்ணீர், குப்பை, பூச்சி மருந்து, கழுவும் சாமான் 5,000, ரிப்பேர் 5,000, உரிமம், காப்பீடு, இணையம் 2,000 என்று கடிதத்தோடு அனுப்பிய தாளில் எழுதியிருக்கிறீர்கள். எழுதியவரை சரியாகவே இருக்கிறது. எழுதாமல் விட்டது மூன்று.

இடம் மாமனாருடையது என்பதால் வாடகை போடவில்லை. ஆனால் அந்த இடம் மாதம் 22,000 சம்பாதித்துக்கொண்டிருந்த இடம். கிச்சன் அந்தப் பணத்தைத் திரும்பத் தராவிட்டால், உங்கள் மாமனார்தான் ஒவ்வொரு பேக்கருக்கும் மாதாமாதம் மானியம் கொடுத்துக்கொண்டிருப்பார், அவருக்கே தெரியாமல். இரண்டாவது, உங்கள் உழைப்பு. காலையில் கதவைத் திறப்பது, புக்கிங் பார்ப்பது, ஓவன் சூடாகவில்லை என்று போன் வந்தால் ஓடுவது, எல்லாம் வேலைதான். 15,000 போடுங்கள். அது பெரிய சம்பளம் இல்லை, ஆனால் பூஜ்யம் என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெண்கள் நடத்துகிற சிறு தொழில்களின் கணக்குகளில் நான் அதிகம் பார்க்கிற பூஜ்யம் இதுதான். அது விலையைக் குறைத்துக் காட்டி, கடைசியில் உடம்பையும் மனசையும் ஒருசேரக் களைக்க வைக்கிறது. மூன்றாவது, கைக்காசு 5 லட்சம். ஐந்து வருடத்தில் திரும்ப வர மாதம் 8,000-க்குச் சற்று மேல் ஆகும். 8,000 என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேல் தேய்மானம் என்று தனியாக ஒரு வரி போட வேண்டாம். தவணையும் இந்த 8,000-மும்தான் மிஷின்களின் விலை. இரண்டு முறை எண்ணினால் விலை தேவையில்லாமல் ஏறிவிடும்.

ஆக 53,000 இல்லை, 98,000.

இனி மணிக்கணக்கு. 1,440 மணி நேரம் என்பது கதவு திறந்திருக்கும் நேரம். அதை விற்க முடியாது. ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் மேடை துடைத்து, மிக்சர் கிண்ணம் கழுவி, தரையில் சிந்திய மாவைக் கூட்ட ஒரு மணி நேரம் வேண்டும். அதனால் காலை 6 முதல் 10, 11 முதல் 3, மாலை 4 முதல் 8 என்று மூன்று ஸ்லாட் வையுங்கள். திங்கட்கிழமை மூடிவிட்டு முழுசாகக் கழுவுங்கள். 26 நாள், 3 ஸ்லாட், 3 மேடை என்றால் 234 ஸ்லாட், அதாவது 936 மணி நேரம். ஒரு மணி, இரண்டு மணி என்று உடைத்துக் கொடுக்காதீர்கள். ஓவன் சூடேறவே அரை மணி போய்விடும், கழுவுகிற வேலை நான்கு மணி நேரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் ஒன்றுதான்.

அந்த 234-ம் நிரம்பாது. புதிதாகத் திறக்கும் கிச்சனுக்கு முதல் வருடத்தில் நூற்றுக்கு நாற்பது நிரம்பினால் போதும் என்று எடுத்துக்கொண்டுதான் நான் விலை போடுவேன். அது 94 ஸ்லாட், கிட்டத்தட்ட 375 மணி நேரம். 98,000-ஐ 375-ஆல் வகுத்தால் மணிக்கு 260 ரூபாய். ஓவனைத் தொடாமல் மேடைக்கு மட்டுமே இவ்வளவு. உங்கள் 37 ரூபாய்க்கும் இந்த 260-க்கும் நடுவில் இருப்பது பேராசை இல்லை. எழுதாமல் விட்ட மூன்று செலவும், விற்காமல் போகிற மணி நேரங்களும்தான்.

94 ஸ்லாட்டை இப்படிப் பிரித்துப் பார்த்தேன். வாரக் கடைசி ஸ்லாட் 40 போனால் 48,000. சாதாரண நாள் 40 போனால் 36,000. செவ்வாய், புதன் மதியம் 14 போனால் 8,400. மொத்தம் 92,400. எட்டுப் பேர் பூட்டு போட்ட அலமாரியும் ஃப்ரீசரில் ஒரு தட்டும் மாதம் 700 ரூபாய்க்கு எடுத்தால் 5,600. கூட்டினால் 98,000 சரியாக வருகிறது.

சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய எண்கள் இரண்டு. மாதம் 50 ஸ்லாட் போனால், அலமாரி வாடகையும் சேர்த்து, உங்கள் பையிலிருந்து பணம் வெளியே போகாது. தவணை, சம்பளம், பில் எல்லாம் அடைந்துவிடும். 94 ஸ்லாட் போனால் மாமனாரின் வாடகை, உங்கள் சம்பளம், கைக்காசு மூன்றும் வரும். வாரம் இரண்டு ஸ்லாட் எடுக்கிற பதினோரு பேர் இருந்தால் 94 வந்துவிடும். கேட்டிருக்கிற ஏழு பேரும் அப்படி வந்தால் 60. அதாவது முதல் நாளிலிருந்தே தண்ணீருக்கு மேலே தலை இருக்கும், ஆனால் இன்னும் நான்கு பேர் தேவை. வியாசர்பாடி, கொளத்தூர், மாதவரம், தண்டையார்பேட்டை, ஸ்கூட்டரில் வந்து போகிற தூரம்தான், அங்கே தேடுங்கள். கேட்டவர்கள் எல்லாம் வந்துவிட மாட்டார்கள் என்பதால், ஆறு மாதத் தவணைக்கான 1,02,000 ரூபாயைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள்.

அடுத்தது ஓவன். அதை ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், உங்கள் கிச்சனில் மேடை மூன்று, டெக் இரண்டுதான். ஒவ்வொரு டெக்கும் ஒரு சூட்டில் நிற்கும். ஒருவர் பிரெட்டுக்கு 220 டிகிரியில் வைத்திருக்கும்போது இன்னொருவர் அதே டெக்கில் 160 டிகிரி கேக்கை நுழைக்க முடியாது. குக்கீ ஒரு ட்ரே கால் மணி நேரத்தில் வந்துவிடும். கப் கேக் 20, 25 நிமிடம். ஒரு கிலோ பிளம் கேக் மெல்லிய சூட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும். ஃபாண்டன்ட் (பிசைந்த சர்க்கரை மாவு) பொம்மை செய்கிறவருக்கு ஓவனே வேண்டாம், ஆனால் நான்கு மணி நேரமும் ஏசி அறை வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் ஃபாண்டன்ட் வியர்த்துவிடும். இவர்கள் எல்லாருக்கும் ஒரே மணி விலை என்றால், பொம்மை செய்கிறவர் கட்டுகிற பணத்தில் பிளம் கேக் வெந்துகொண்டிருக்கும். யாருக்கு எவ்வளவு சூடு போகிறதோ அவர் அவ்வளவு கட்டட்டும். ஏசி மேடைக்கு ஸ்லாட் விலை மற்ற மேடைகளைப் போலவே இருக்கட்டும். அங்கே ஓடுகிற ஏசியின் கரண்ட் ஏற்கெனவே அந்த 9,000-க்குள் இருக்கிறது.

80 ரூபாய் என்று நான் சொன்னது ஒரு தோராயத்தின் மேல். இரண்டு டெக்கும் எரியும்போது மணிக்கு ஒரு கிலோ கேஸ் போகிறது, 19 கிலோ சிலிண்டர் 2,000 ரூபாய் என்று வைத்தேன். கிலோ 105 ரூபாய், ஒரு டெக்குக்கு 53. முன்சூட்டுக்கும் ஓவன் கல், பர்னர் தேய்வதற்கும் சேர்த்து 80. உங்கள் ஓவன் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்பதைத் திறப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஒரு எடை மேடையில் சிலிண்டரை வைத்து, காலையில் ஒரு எடை, இரவு ஒரு எடை எழுதுங்கள். ஓவன் எரிந்த நேரத்தையும் எழுதுங்கள். ஒரு வாரம் போதும். வணிக சிலிண்டர் விலை மாதத்தின் முதல் தேதியில் மாறும். சிலிண்டர் 200 ரூபாய் ஏறினாலோ இறங்கினாலோ டெக் கட்டணம் மணிக்கு 5 ரூபாய் மாறும் என்று பலகையில் எழுதிவிடுங்கள். இறங்கும்போதும் குறைக்கிறீர்கள் என்று தெரிந்தால், ஏறும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். விலையைக் குறைக்கலாமே என்று 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை மாட்டுகிற யோசனையை யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். தொழிலுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு விபத்து நடந்தால் காப்பீடும் கைகொடுக்காது.

எல்லாவற்றையும் விட நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புவது, இந்த விலை எதிரில் நிற்கும் பேக்கருக்குக் கட்டுகிறதா என்பதை. உங்கள் 98,000 உங்கள் கவலை. அவருக்கு ஸ்லாட் முடிந்து வெளியே போகும்போது கையில் என்ன மிஞ்சும்?

ஒரு கிலோ கிரீம் கேக்கை 800 ரூபாய்க்கு விற்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். சாமான், பெட்டி, போர்டு 350. வெள்ளிக்கிழமை ஸ்லாட்டில் ஆறு கேக் முடிக்கிறார். வரவு 4,800. சாமான் 2,100. ஸ்லாட் 1,200, ஓவன் ஒன்றரை மணி 120. மிச்சம் 1,380. வீட்டில் செய்கிற முன்வேலை, டெலிவரி போக, நான்கு மணி நேரத்துக்கு அது மரியாதையான கூலி. ஐந்து கேக் என்றால் 930. மூன்று கேக் என்றால் 30 ரூபாய்! அந்த மூன்று கேக் பெண்மணிக்கு வெள்ளிக்கிழமை ஸ்லாட்டை விற்கவே விற்காதீர்கள். அவர் இரண்டு முறை வருவார், மூன்றாவது முறை வர மாட்டார், கட்டுப்படியாகவில்லை என்று நாலு பேரிடம் சொல்வார். சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

அவருக்கு வேறு வழி காட்டுங்கள். புதன் மதியம் 600 ரூபாய் ஸ்லாட்டில் அந்த வாரத்துக்கான ஸ்பாஞ்ச் (ஐசிங் போடாத வெறும் கேக்) எல்லாவற்றையும் சுட்டு, ஆறவைத்து, நன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளட்டும். குளிர்ந்த ஸ்பாஞ்ச் உதிராது, ஐசிங் போடவும் எளிது. அல்லது சின்ன ஆர்டர் உள்ள இருவர் ஒரே ஸ்லாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும். ஒரு டெக்கில் இரண்டு ட்ரே இருக்கிறதே, சூடு ஒத்துப்போனால் ஆளுக்கு ஒன்று. வடசென்னையில் வீட்டு ஓவனில் இரவு பன்னிரண்டு மணி வரை ஒவ்வொரு கேக்காகச் சுட்டுக்கொண்டிருக்கும் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த படி ஏற உங்கள் கிச்சன் உதவும். ஆனால் அந்தப் படியின் உயரம் அவர்கள் காலுக்கு எட்ட வேண்டும்.

இதனால்தான் நாளுக்கு நாள் வேறு விலை. பிறந்தநாள் எந்தக் கிழமை வந்தாலும் கொண்டாட்டம் சனி, ஞாயிறுக்குத்தான் தள்ளிப்போகிறது. எல்லாருக்கும் வெள்ளி, சனிதான் ஓவன் வேண்டும். அன்று விலை அதிகம் இருந்தால், அவசரமில்லாதவர் தானாகப் புதனுக்கு நகர்வார். செவ்வாய், புதன் மதியம் சும்மா கிடக்கிற மேடைக்கு 600 வந்தாலும் உங்களுக்கு அது வரவுதான், ஓவன் செலவு தனியாக வந்துவிடுவதால். ஆனால் அந்த 600-ஐ வெள்ளிக்கிழமைக்குப் பேரம் பேச விடாதீர்கள்.

தென்சென்னை விலையைப் பற்றி ஒரே வார்த்தை: விடுங்கள். அவர்கள் வாடகை வேறு, மிஷின் வேறு, அங்கே ஒரு கிலோ கேக் விற்கும் விலை வேறு.

உங்கள் கணவர் சொல்கிற மாதம் 5,000 யோசனையின் நல்ல பக்கம் எனக்குப் புரிகிறது. பணம் முன்கூட்டியே வரும், தினமும் சில்லறை எண்ண வேண்டாம். ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதுதான் ஆபத்து. மாதம் 60 மணி நேரம் வருகிறவர் மணிக்கு 83 ரூபாய் கட்டியிருப்பார். 12 மணி நேரம் வருகிறவர் 416 ரூபாய். அதிகம் தேய்க்கிறவர் தங்குவார், குறைவாக வருகிறவர் விலகுவார். கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகம் என்ற பொதுப் பணியிடத்தில் அரை நாள், முழு நாள், மாதம் என்று கட்டணம் வைத்து மேசை கொடுக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. ஆனால் மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்து போகிறவர் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்த கேஸும் இல்லை. கணவரின் யோசனையை வேறு விதமாக எடுத்துக்கொள்ளுங்கள்: பத்து சாதாரண ஸ்லாட் கொண்ட கார்டு 8,100 ரூபாய், பணம் முன்னாலேயே, 60 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். வாரக் கடைசிக்கு அந்தக் கார்டைக் காட்டினால் வித்தியாசம் 300 கட்ட வேண்டும். பத்து சதவீதத் தள்ளுபடி முன்பணத்துக்கு நியாயமான விலை. அதற்கு மேல் இறங்காதீர்கள். கார்டு அதிகம் விற்றால் 94-க்குப் பதில் நூறுக்குக் கொஞ்சம் கீழே வரை ஸ்லாட் தேவைப்படும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை விஷயத்துக்கு உங்கள் கிழமைகளே பதில் சொல்கின்றன. திங்கள் முழுசாகக் கழுவுகிறீர்கள். செவ்வாயை முட்டையில்லா நாளாக அறிவித்துவிடுங்கள். அன்று முட்டை கிச்சனுக்குள்ளேயே வரக் கூடாது. பச்சை வண்ணம் அடையாளம் வைத்த கிண்ணம், விஸ்க், டின், ஸ்பாட்டுலா ஒரு செட் தனி அலமாரியில் இருக்கட்டும். இதற்குத் தனிக் கட்டணம் வாங்க வேண்டாம், ரிப்பேர் கணக்கில் போடுங்கள். நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி முட்டை சேர்ந்த கேக் அசைவம். பச்சைக் குறி போட முடியாது. சௌகார்பேட்டை, புரசைவாக்கம் பக்கத்து ஜைனக் குடும்பங்களுக்கு விற்கிறவருக்கு அந்தப் பச்சைக் குறியின் மேல் நம்பிக்கைதான் தொழிலே. அந்த உத்தரவாதத்தை நீங்கள் கொடுத்தால், வாரத்தில் ஆளில்லாத நாள்தான் முதலில் நிரம்பும்.

அப்புறம் டிசம்பர். ரயில்வே குடியிருப்புகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுமாக வளர்ந்த பெரம்பூரில் பிளம் கேக்குக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஓவன் நாள் முழுக்க எரியும். அந்த மாதம் விலையை இரண்டு மடங்காக்கலாமே என்று ஆசை வரும். ஆண்டு முழுக்க வந்தவர்களுக்கு ஏற்றாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அவர்களுக்கு நவம்பர் 1-க்கு முன்பே புக்கிங் திறந்துவிடுங்கள், பழைய விலையில். மீதி ஸ்லாட்டைப் புதிதாக வருகிறவர்களுக்கு 1,400, 1,500-க்குக் கொடுக்கலாம். பழம் ஊறவைக்கிற ஜாடிகளுக்கு செப்டம்பரிலிருந்தே இடம் கேட்பார்கள். ஒரு ராக் ஒதுக்கி ஜாடிக்கு மாதம் 50 ரூபாய் வாங்குங்கள்.

அதே டிசம்பர்தான் நமக்கு மழையும். 2015-லும், 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் டிசம்பர் முதல் வாரத்தில் இந்தப் பகுதிகள் எப்படி மிதந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வழியெல்லாம் தண்ணீர் ஏறினால் வியாசர்பாடிப் பேக்கர் எப்படி வருவார்? அதனால் ரத்து விதியை இப்படி எழுதுங்கள்: 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் முழுப் பணமும் வரவில் நிற்கும், 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் பாதி, அதற்குப் பிறகு கிடையாது. சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ, தெருவில் தண்ணீர் நின்றாலோ, கரண்ட் போய் வேலை நடக்காவிட்டாலோ, எந்தக் கேள்வியும் இல்லாமல் முழு ஸ்லாட்டும் திரும்பக் கிடைக்கும். இந்த ஒரு வரிக்காகவே உங்களிடம் வருவார்கள். திருப்பித் தருகிற முன்பணம் 3,000 வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்த ட்ரே, கழுவாமல் போன மிக்சர் எல்லாம் அதில் கழியும். கழுவாமல் போனால் 200 என்று முன்பே எழுதிவிட்டால் சண்டை வராது.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வாடகைக்கு வருகிற ஒவ்வொரு பேக்கருக்கும், உங்கள் கிச்சன் முகவரியைக் காட்டி அவர் பெயரில் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும்; அந்த 14 இலக்க எண் அவர் கேக் பெட்டியில் இருக்க வேண்டும். உங்கள் எண்ணை அவர்கள் போட விடாதீர்கள். அவர்கள் கேக்கில் பிரச்சினை வந்தால் கேள்வி உங்களிடம் வரும். பயன்பாட்டு ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரை வைத்து எழுதுங்கள். நேரத்துக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, இடத்தின் மேல் வாடகைதாரர் உரிமை இல்லை என்பது தெளிவாக இருக்க வேண்டும். மாநகராட்சித் தொழில் உரிமமும், வீட்டு மின் இணைப்பு இல்லாமல் வணிக இணைப்பும் திறக்கும் முன் கையில் இருக்கட்டும். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, சேவை செய்கிறவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. உங்கள் 98,000 ஆண்டுக்கு 11.76 லட்சம்தான், ஓவன் கட்டணம் தனி. ஆனால் உங்கள் சொந்த கேக் விற்பனையும் அதே பான் எண்ணில் வந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். தாண்டினால் வாடகைக்கு 18 சதவீதம். வருகிற பேக்கர்களில் பலர் பதிவு இல்லாதவர்களாக இருப்பதால் அவர்களுக்கு அது நேரடியான விலையேற்றம். அதனால் மாதா மாதம் கூட்டிப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

நீங்களும் பேக்கர் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஸ்லாட்டையும் மற்றவர்களைப் போலவே புக் செய்து, பணத்தைக் கிச்சன் கணக்கில் கட்டுங்கள். வெள்ளி சாயங்காலம் எப்போதும் உங்களுக்கு என்று எடுத்துக்கொண்டால், மிக நல்ல சரக்கை விலையில்லாமல் நீங்களே வாங்குகிறீர்கள், வருகிறவர்களும் அதைக் கவனிப்பார்கள்.

தோழிகள் இருவர் விஷயம்தான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. இலவசம் வேண்டாம். ஒருவர் இலவசமாக வேலை செய்துகொண்டிருக்கையில், பக்கத்து மேடையில் பணம் கட்டி நிற்கிறவருக்கு மனசு ஆறாது. அதோடு மூன்றாவது மாதம் இனிமேல் கட்டு என்று சொல்வது, முதல் நாளே சொல்வதைவிடக் கஷ்டம். மூன்று மாதத்துக்கு, செவ்வாய், புதன் தவிர்த்த சாதாரண ஸ்லாட் பாதி விலைக்கு, 450 ரூபாய்க்குக் கொடுங்கள். ஓவனுக்கு முழுக் கட்டணம், ஏனென்றால் கேஸ்காரர் உங்களுக்கு நட்பு விலை போடப் போவதில்லை. முடியும் தேதியை எழுதிக் கொடுங்கள். பதிலுக்கு அவர்களிடம் ஒரு உதவி கேளுங்கள்: எத்தனை மணிக்கு வந்தார்கள், ஓவன் எப்போது சூடானது, எத்தனை கிலோ முடித்தார்கள், எங்கே காத்து நின்றார்கள் என்று ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு வரி எழுதித் தரட்டும். அந்த நோட்டு உங்களுக்கு 450 ரூபாயை விடப் பெரியது. நான்கு மணி நேரம் போதுமா, மூன்றரை போதுமா என்று அது சொல்லும்.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டு, சிலிண்டர் எடை எழுதிய தாள், விற்ற ஸ்லாட் எண்ணிக்கை மூன்றையும் அனுப்புங்கள். மாதம் 60-க்குக் கீழே இருந்தால் விலையைத் தொடாமல் புதன் மதியத்தை எப்படி நிரப்புவது என்று பார்ப்போம். 94 தாண்டியிருந்தால் சாதாரண ஸ்லாட்டை 850-க்கு இறக்க முடியுமா என்று சேர்ந்தே கணக்குப் போடலாம்.